சான்டோரினியில் அந்தி நேரப் படகுப் பயணம்: கைகொடுக்கும் குறிப்புகள்

கிரீஸ் நாட்டின் சான்டோரினித் தீவுக்குக் குடும்பத்தோட கிளம்பப் போறீங்களா? அப்படின்னா ஒரு சாயங்காலத்தையாவது கடலுக்கு ஒதுக்கிடுங்க. சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால வெடிச்ச எரிமலையின் வாய்க்குள்ள கடல் புகுந்து உண்டான கடல்பரப்பு அது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு நிக்கிற பாறைச் சுவரையும், அதன் உச்சியில் வரிசை கட்டின வெள்ளை வீடுகளையும் முழுசாப் பார்க்கணும்னா தண்ணியில் இருந்துதான் பார்க்கணும்.

தனிப் படகு எடுக்கிறது கையைக் கடிக்கிற செலவுதான். ஆனா முன்கூட்டி நாலு கேள்வி கேட்டு, வீட்டில் இருக்கிற பொருளையே புத்தியா எடுத்து வெச்சா, கொடுத்த ஒவ்வொரு யூரோவும் வசூலாகிடும். அதுக்கான சின்னச் சின்ன வழிகள் இதோ, தோழிகளே!

படகு பிடிக்கிறதுக்கு முன்னாடி

1. நாளைக் குறிக்கிறதுக்கு முன்னாடி சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்க. ஜூன் கடைசியில் ஏறக்குறைய 8:40-க்கும், செப்டம்பர் கடைசியில் 7:10-க்கும், அக்டோபர் நடுவில் 6:45-க்கும் மறையும். படகு கிளம்புற நேரமும் அதுக்கேத்த மாதிரி மாறுறதால, மத்தியானச் சாப்பாட்டை முன்னே பின்னே வெச்சுக்கலாம்.

2. படகுகள் பெரும்பாலும் ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரைக்கும் ஓடும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். கடலில் இறங்கிக் குளிக்க ஆசைன்னா செப்டம்பரைத் தேர்ந்தெடுங்க. மே மாசம் விலை குறையும், ஆனா தண்ணி சில்லுன்னு இருக்கும்.

3. படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீங்க. தீவுக்குப் போன முதல் அல்லது ரெண்டாவது நாளிலேயே போட்டுடுங்க. காற்று பலமா இருந்து தள்ளிப் போனாலும், மாற்றுத் தேதி கைவசம் இருக்கும்.

4. ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து 'மெல்டெமி'ங்கிற காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில்தான் அது வேகம் பிடிக்கும். வானம் நீலமா, வெயில் பளிச்சுன்னு இருக்கும்போதே இந்தக் காற்று அடிக்கும். வெயிலைப் பார்த்து ஏமாறாம, ரெண்டு நாள் முன்னாடியே போனில் காற்று வேகத்தையும் பார்த்துடுங்க.

5. காற்று அதிகமானா துறைமுக அதிகாரிகள் படகுகளைக் கிளம்ப விடமாட்டாங்க. அப்படி நின்னுபோனா முழுப் பணமும் திரும்புமா, வேற நாள் தருவாங்களான்னு முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிடுங்க. மெயிலோ வாட்ஸ்அப்போ, ஏதாவது ஒண்ணு போதும்.

6. 'தனிப் படகு', 'பாதித் தனி', 'குழுப் படகு'ன்னு மூணு வகையில் விற்பாங்க. பாதித் தனின்னா ஆள் குறைவு, ஆனா வேற குடும்பங்களும் கூட வரும். விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு பண்ணாம, எங்களைத் தவிர வேற யாராவது வருவாங்களான்னு நேரடியா ஒரு கேள்வி கேட்டுடுங்க.

7. தனிப் படகுக்கு ஆள் கணக்கில்லை, படகு முழுசுக்கும் ஒரே விலைன்னு பல இடங்களில் வெச்சிருப்பாங்க. உதாரணத்துக்கு, 900 யூரோ படகில் ரெண்டு பேர் போனா தலைக்கு 450. ஆறு பேர் போனா 150 தான். குழுப் படகு விலையோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு முடிவெடுங்க.

8. தெரிஞ்ச இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கிட்டா செலவு பாதியாகிடும். சாப்பாட்டுப் பழக்கமும் தூங்குற நேரமும் ஒத்துப்போற குடும்பமாப் பார்த்துச் சேருங்க. பணத்தைப் பயணத்துக்கு முன்னாடியே பங்கு போட்டு முடிச்சுட்டா மனசில் எதுவும் தங்காது.

9. பெரியவங்க, குழந்தைகள் வந்தா ரெண்டு உடல் கொண்ட கேட்டமரான் படகு நல்லது. அதிகம் சாயாது, தளம் அகலம், நிழலும் உண்டு. இளஞ்ஜோடிக்கு ஒற்றை உடல் பாய்மரப் படகே போதும்; சாய்ஞ்சு போனாலும் விலை பொதுவா குறைவு.

10. படகில் எத்தனை பேருக்கு அனுமதின்னு கேட்கும்போது கைக்குழந்தையையும் சேர்த்தே எண்ணுங்க. பால் குடிக்கிற குழந்தைதானேன்னு விட்டா, கிளம்பும் நேரத்தில் சிக்கல் வரும்.

11. விலையில் எதெல்லாம் அடக்கம்னு ஒரு பட்டியலே கேளுங்க: வரி, எரிபொருள், சாப்பாடு, குடிதண்ணி, துண்டு, ஹோட்டலில் இருந்து கூட்டிட்டுப் போற வண்டி. இதில் ரெண்டு மூணு விட்டுப்போனாலே, குறைஞ்ச விலைன்னு தெரிஞ்சது கூடின விலையா மாறிடும்.

12. ஹோட்டல் வரவேற்பில் சொல்ற விலையில் தரகும் சேர்ந்திருக்கலாம். அதே படகுக்காரரிடம் நேரடியா ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே விலைன்னா ஹோட்டல் வழியாவே போடுங்க; தேதி மாற்றணும்னா அவங்களே பேசித் தருவாங்க.

13. கேட்டமரான்கள் பெரும்பாலும் தெற்கில் இருக்கிற விலிகாடா துறையில் இருந்தோ, வடக்கில் ஓயா ஊருக்குக் கீழே இருக்கிற அம்மூடியில் இருந்தோ கிளம்பும். உங்க தங்குமிடத்துக்குப் பக்கத்துத் துறையைத் தேர்ந்தெடுத்தா அலைச்சல் மிச்சம். ஓயாவை உள்ளூர்க்காரங்க 'ஈயா'ன்னு சொல்வாங்க; டிரைவர் அப்படிச் சொன்னா குழம்பிக்காதீங்க.

14. நீந்துறதும் சாப்பிடுறதும்தான் முக்கியம், சூரியன் மறையுறதைக் கரையில் இருந்தே பார்த்துக்கலாம்னு நினைச்சா காலைப் பயணம் எடுங்க. அதே படகு, அதே வழி, விலை மட்டும் பொதுவா குறைவு.

15. பட்ஜெட் ரொம்ப இறுக்கமா இருந்தா, ஃபீரா ஊரின் பழைய துறையில் இருந்து கிளம்புற பெரிய மரப்படகுகள் இருக்கு. கூட்டம் இருக்கும், ஆனா அதே பாறைச் சுவர், அதே சூரியன். மிச்சமான பணத்தில் நல்ல ஹோட்டலில் ஒரு ராத்திரிச் சாப்பாடே முடிச்சுடலாம்.

16. கார்டில் பணம் கட்டும்போது மிஷின் 'ரூபாயா, யூரோவா'ன்னு கேட்டா யூரோவையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வெச்ச மாற்று விலையில் கழிச்சுப்பாங்க. பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

17. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும். பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயசுக்கு 45 யூரோ, 6 வயசுக்குக் கீழே கட்டணம் இல்லை. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வெச்சிருக்கிற சொந்தங்கள் 90 நாள் வரைக்கும் விசா இல்லாமலே வரலாம்.

18. விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிக் கெடு 15 நாள். விசா கைக்கு வர்ற வரைக்கும் படகுக்கு முழுப் பணம் கட்டாதீங்க. கட்டணம் இல்லாம ரத்து பண்ணக்கூடிய இடத்தைப் பிடிச்சு வெச்சா போதும்.

19. 2025 தொடக்கத்தில் தீவைச் சுற்றித் தொடர்ச்சியா நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கான பேர் வெளியேறினாங்க. எரிமலைத் தீவுங்கிறதால கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி செய்தியைப் பார்த்துடுங்க. ரத்து வசதியுள்ள டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நிம்மதி.

20. சொகுசுக் கப்பலில் சான்டோரினிக்கு வர்றவங்க, கப்பலுக்குத் திரும்புற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு முதலில் பாருங்க. பல கப்பல்கள் சூரியன் மறையும் முன்னாடியே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுடும். ஃபீராவின் பழைய துறைக்கு இறங்குற கேபிள் கார் வரிசையிலும் நேரம் போகும். அவங்களுக்குக் காலைப் பயணமே சரி.

பையில் என்ன வைக்கலாம்?

21. படகுக்குச் சக்கரம் வெச்ச கெட்டிப் பெட்டி வேண்டாம். மடிச்சு வைக்கிற துணிப் பை ஆளுக்கு ஒண்ணு போதும். ஓரமாச் சொருகி வைக்கலாம், தளமும் கீறாது.

22. தடிமனான டர்க்கி டவலுக்குப் பதிலா நம்ம ஈரோட்டுத் துண்டு ரெண்டு எடுத்துக்கோங்க. எடை குறைவு, காற்றில் சீக்கிரம் காயும், தேவைப்பட்டா தோளில் போர்த்திக்கலாம். படகில் துண்டு தந்தாலும் இது கூடுதலாக் கைகொடுக்கும்.

23. மளிகை வாங்கும்போது வர்ற ஜிப் கவர்களைக் கழுவிக் காயவெச்சு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணில் போன், ஒண்ணில் பாஸ்போர்ட் நகல், ஒண்ணில் மாத்திரை. பெரிய பிளாஸ்டிக் கவர் ஒண்ணு வெச்சா, திரும்பும்போது ஈரத்துணியைப் போட்டுக்கலாம்.

24. ஆகஸ்ட் மாசமா இருந்தாலும் சூரியன் இறங்கினதும் கடல் காற்று குளிரும். ஆளுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் அவசியம். குழந்தைக்குக் காதை மூடுற குல்லாவும் வெச்சிடுங்க.

25. பயண வழியில் வர்ற வெந்நீர் ஊற்றில் (குறிப்பு 46) இறங்க, பழசான, அடர் நிற உடையை எடுத்துட்டுப் போங்க. அந்தத் தண்ணியில் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கிறதால வெளிர் துணியில் பழுப்புக் கறை பிடிச்சுக்கும். புது நீச்சல் உடையை வேற இடத்தில் குளிக்க வெச்சுக்கோங்க.

26. காட்டன் சுடிதாரோட கடலில் இறங்கினா தண்ணி குடிச்சுக் கனத்து நீந்த விடாது. முழுக்கை, முழுக்கால் மூடுற நைலான் நீச்சல் உடை நம்ம ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். வெயில் படாது, கூச்சமும் இருக்காது.

27. போட்டோவுக்காகப் புடவையோ துப்பட்டாவோ அணிய ஆசைன்னா நாலு சேஃப்டி பின் கூடுதலா வெச்சுக்கோங்க. காற்றில் பறக்கிற முந்தானை படகுக் கயிற்றிலும் கப்பியிலும் மாட்டிக்கும். படகு நிற்கும்போது படம் எடுத்துட்டு, ஓடும்போது இடுப்பில் சொருகிடுங்க.

28. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் கயிறு கட்டிடுங்க. பழைய ஷூ லேஸே போதும். கடலில் விழுந்த கண்ணாடிக்காக யாரும் படகைத் திருப்ப மாட்டாங்க.

29. நம்ம ஊர் ரெண்டு பின் போன் சார்ஜர் கிரீஸ் பிளக்கில் அப்படியே பொருந்தும். மூணு பின்னுக்குத்தான் அடாப்டர் வேணும். எல்லாச் சார்ஜரையும் ரெண்டு பின்னாவே எடுத்து வெச்சா அடாப்டர் செலவு மிச்சம். படகுக்கு முழுசாச் சார்ஜ் போட்ட பவர் பேங்க் ஒண்ணு.

30. கொறிக்க முறுக்கு, காரச்சேவு, கடலை மிட்டாய் எடுத்துட்டுப் போங்க. பால்கோவா, நெய், பனீர் மாதிரிப் பால் பொருள்களும், மாமிசப் பொருள்களும் வெளிநாட்டில் இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகத் தடை. விமான நிலையத்தில் குப்பையில் போறதைவிட வீட்டிலேயே சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.

31. சின்னப் பாக்கெட் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் போதும், அங்கே கிடைக்கிற கெட்டித் தயிரும் பிரெட்டும் நம்ம வாய்க்குப் பழகிடும். ஊறுகாயை ரெண்டு கவரில் சுத்தி, செக்-இன் பெட்டியில் வைங்க.

கிளம்புற அன்னைக்கு

32. படகு ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி அளவுக்கு லேசா ஏதாவது சாப்பிடுங்க. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. ரெண்டுமே அலையில் குமட்டலைக் கிளப்பும்.

33. இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கட்டாயம் பையில் இருக்கட்டும். படகு கிளம்பும்போதே ஒண்ணை வாயில் அடக்கிக்கிட்டா வயிறு அடங்கி இருக்கும். வாந்தி வர ஆரம்பிச்சப்புறம் எதுவும் சீக்கிரம் வேலை செய்யாது.

34. பஸ்ஸிலேயே தலை சுத்துறவங்க, ஊரிலேயே டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி வெச்சுக்கோங்க. அவர் சொல்ற நேரத்தில், படகு கிளம்பும் முன்னாடியே போடணும். இந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும். அதோடு ஒயின் குடிக்கவே கூடாது.

35. சன்ஸ்கிரீனை அறையிலேயே, கிளம்ப 20 நிமிஷம் முன்னாடி பூசிடுங்க. படகில் பூசினா எண்ணெய்க் கை பட்டுத் தளம் வழுக்கும். காது மடல், பாதத்தின் மேல்பக்கம், வகிடு மூணையும் மறக்காதீங்க.

36. தலைக்குக் கொஞ்சமாத் தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கமாப் பின்னிக்கோங்க. உப்புத்தண்ணி முடியில் அதிகம் ஊறாது, காற்றில் சிக்கும் விழாது. ராத்திரி ஷாம்பூவும் மிச்சம்.

37. வெள்ளிக் கொலுசு, மெட்டி, மோதிரத்தை அறை லாக்கரில் வெச்சுட்டு வாங்க. ஊற்றுத் தண்ணியில் இருக்கிற கந்தகம் பட்டா வெள்ளி கறுத்துடும். மெட்டியைக் கழற்ற விரும்பாதவங்க ஊற்றில் இறங்காம, படகில் இருந்தே பார்க்கலாம்.

38. ஓயா, ஃபீராவின் குறுகலான தெருக்களுக்குள் வண்டி வராது. துறைக்குக் கூட்டிட்டுப் போற வேன் எந்த இடத்தில் நிற்கும்னு முந்தின நாளே கேட்டு, ஒரு தடவை நடந்து பார்த்துடுங்க. டாக்சி அங்கே சுலபமாக் கிடைக்காது, அதனால வேனைத் தவற விட்டுடாதீங்க.

39. ஓயாவில் இருந்து அம்மூடிக்குப் படியில் இறங்கினா 200 படிக்கு மேல இருக்கும். ஃபீராவின் பழைய துறைக்கு 580-க்கும் மேல. கல் வழவழப்பா இருக்கும், கழுதைகளும் அதே படியில்தான் வரும். முழங்கால் வலிக்காரங்க அம்மூடிக்கு வண்டியிலும், பழைய துறைக்குக் கேபிள் காரிலும் போயிடுங்க.

படகில் ஏறினப்புறம்

40. படகில் வெறுங்கால்தான். லேஸ் கட்டுற ஷூவைத் தவிர்த்து, சட்டுன்னு கழற்றுற செருப்பில் போங்க. எல்லாச் செருப்பையும் ஒரே பையில் போட்டுக் கட்டிட்டா இறங்கும்போது தேட வேண்டாம்.

41. ஏறினதும், நீச்சல் தெரியாதவங்க யாருன்னு கேப்டனிடம் சொல்லிடுங்க. இதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. லைஃப் ஜாக்கெட்டும் மிதக்கிற நுரைக் குழாயும் எடுத்துத் தருவாங்க, நீங்களும் தண்ணியில் இறங்கி மகிழலாம்.

42. குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட் அளவு இருக்கான்னு முன்கூட்டியே எடையைச் சொல்லிக் கேட்டு வையுங்க. போட்டப்புறம் தோள்பட்டையைப் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறினா அது பெரிசு, வேற கேளுங்க.

43. தலை சுத்தினா கீழ் அறைக்குப் போய்ப் படுக்காதீங்க, இன்னும் அதிகமாகும். படகின் நடுவில் அல்லது பின்பக்கம் உட்கார்ந்து, வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாருங்க. அந்த நேரத்தில் போனைத் தொடவே வேண்டாம்.

44. கேட்டமரானின் முன்பக்க வலையில் படுக்கிறது தனி சுகம். படுக்கும் முன்னாடி சட்டைப்பையில் இருக்கிற போன், கம்மல், ஹேர் கிளிப் எல்லாத்தையும் எடுத்து வைங்க. வலை ஓட்டையில் விழுந்தது நேராக் கடலுக்குத்தான்.

45. படகுக் கழிப்பறையில் காகிதம் போட்டா அடைச்சுக்கும். பக்கத்தில் இருக்கிற கூடையில் போடுங்க. நல்ல தண்ணி தொட்டியில் அளவாத்தான் இருக்கும். குளிச்சு ஏறினதும் ஒரு நிமிஷம் மேலே ஊத்திக்கிட்டா எல்லாருக்கும் வரும்.

46. வெந்நீர் ஊற்று பாலியா கமேனித் தீவின் கரையில் இருக்கு. படகு பக்கத்தில் போகாது, கொஞ்ச தூரம் நாமே நீந்தணும். இறங்குற இடத்தில் குளிர்ந்த தண்ணி, கரையை நெருங்கினாத்தான் 30 டிகிரிக்கு மேல வெதுவெதுப்பு. கொதிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, வாயைத் திறக்காம நீந்துங்க.

47. பக்கத்தில் கறுப்பாத் தெரியிறது நியா கமேனி. அது கடைசியா 1950-ல் வெடிச்ச எரிமலைத் தீவு. அதில் ஏறி நடக்கணும்னா மரப்படகுப் பயணத்தைப் பாருங்க. அந்திப் பயணத்தில் பொதுவா அங்கே இறக்கி விடமாட்டாங்க.

48. தெற்குப் பக்கம் சிவப்புக் கடற்கரையைப் படகில் இருந்தே நல்லாப் பார்த்துடுங்க. மேலே பாறை சரியிற அபாயம் இருக்கிறதால தரைவழியாப் போறது பாதுகாப்பில்லை. பக்கத்து வெள்ளைக் கடற்கரைக்குப் படகுதான் நல்ல வழி. நீந்துறதுக்கும் அங்கே நிறுத்தச் சொல்லலாம்.

49. சைவம்னு புக் பண்ணும்போதே எழுதிடுங்க, ஏறும்போது இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க. கோழி, பன்றி, இறால் சுடுற அதே அடுப்பில்தான் காயும் சுடுவாங்க. உங்க காய்கறியை அலுமினிய ஃபாயிலில் சுத்தித் தனியாச் சுடச் சொல்லுங்க; பன்றி வேண்டாதவங்களும் இதே மாதிரி முன்கூட்டிச் சொல்லிடலாம்.

50. தீவின் 'ஃபாவா'வை விட்டுடாதீங்க. நம்ம பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும். வெங்காயம் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊத்தித் தருவாங்க. தக்காளிப் பொரியுருண்டையும் கேளுங்க, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

51. கிரீஸில் நோன்புச் சாப்பாடுன்னு தர்றதில் மாமிசம், பால், முட்டை இருக்காது. ஆனா கணவாயும் இறாலும் இருக்கலாம். திராட்சை இலைச் சுருளிலும் சில சமயம் கொத்துக்கறி சேர்ப்பாங்க. சைவக்காரங்க ரெண்டையும் கேட்டுட்டே வாயில் வைங்க.

52. சாப்பாட்டைச் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னாடியே பரிமாறச் சொல்லுங்க. இல்லைன்னா வானம் சிவக்கிற நேரத்தில் தட்டும் கையுமா இருப்பீங்க. தனிப் படகு எடுத்ததோட பெரிய லாபமே இந்த நேரக் கட்டுப்பாடுதான்.

53. தீவின் அசிர்டிகோ திராட்சை ஒயினுக்கு நல்ல பேரு. குடிக்கிறவங்க நீச்சல் எல்லாம் முடிஞ்சப்புறம் மட்டும் எடுத்துக்கோங்க. குடிக்காதவங்களுக்குப் பழச்சாறு முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லலாம், அதுக்குக் கூடுதலாப் பணம் கேட்கிறது அபூர்வம்.

54. காற்று இல்லைன்னாலோ எதிர்க்காற்று அடிச்சாலோ, படகு இன்ஜினில்தான் ஓடும். திரும்பும் வழியிலாவது அரைமணி நேரம் பாய் விரிச்சு ஓட்டுங்கன்னு ஏறும்போதே கேட்டு வைங்க. இன்ஜின் சத்தம் நின்னு, காற்றில் மட்டும் போற அந்த அரைமணி நேரம் தனி ஆனந்தம்.

படம் பிடிக்க

55. சூரியனைப் பின்னால் வெச்சு நின்னா முகம் கறுப்பாத்தான் விழும். முக்கால் மணி நேரம் முன்னாடியே, வெயில் முகத்தில் விழுற மாதிரி நின்னு குடும்பப் படத்தை முடிச்சுடுங்க. அப்புறம் நிழலுருவப் படங்களை நிதானமா எடுக்கலாம்.

56. லென்ஸில் உப்புத்துளி படிஞ்சா படம் மங்கும். பழைய காட்டன் வேட்டித் துண்டை நல்ல தண்ணியில் நனைச்சு, துடைச்சுட்டு எடுங்க. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சா நிறம் அப்படியே வரும்.

57. எல்லாரும் மேற்கேயே பார்த்துட்டு இருப்பாங்க. நீங்க ஒரு தடவை கிழக்கே திரும்புங்க. கடைசி வெயில் பட்டுப் பாறைச் சுவரும் வீடுகளும் பொன்னிறமா ஜொலிக்கிறது அந்தச் சில நிமிஷம்தான். இந்தக் காட்சி கரையில் நிற்கிறவங்களுக்குக் கிடைக்காது.

58. சூரியன் மறைஞ்ச உடனே படகைத் திருப்பச் சொல்லாதீங்க. அடுத்த 20 நிமிஷம்தான் வானத்தில் நிறம் கூடும். பயண நேரத்தில் இதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி முன்னாடியே பேசி வைங்க.

59. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு வீடியோ கால் போட ஆசையா? கோடையில் இந்தியா ரெண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே 8:40-ன்னா இங்கே ராத்திரி 11:10. வீடியோவாப் பதிஞ்சு காலையில் அனுப்பினா தூக்கமும் கெடாது, ரோமிங் செலவும் மிச்சம்.

திரும்பி வந்தப்புறம்

60. கேப்டனும் உதவியாளரும் நல்லாக் கவனிச்சிருந்தா இறங்கும்போது கொஞ்சம் அன்பளிப்பு கொடுக்கிறது வழக்கம், கட்டாயம் இல்லை. அதுக்குச் சில்லறை யூரோ நோட்டுகளைத் தனி உறையில் போட்டு வெச்சா, இருட்டில் பர்ஸைத் துழாவ வேண்டாம்.

61. உப்பு பட்ட துணியைக் காய விடாம, அறைக்கு வந்ததுமே நல்ல தண்ணியில் ரெண்டு தடவை அலசிடுங்க. மூக்குக் கண்ணாடியையும் குழாய்த் தண்ணியில் காட்டிட்டுத்தான் துடைக்கணும். உலர்ந்த உப்போட துடைச்சா கண்ணாடி கீறிடும்.

62. கழற்ற மறந்து வெள்ளி கறுத்துப் போச்சா, கவலையே வேண்டாம். கொஞ்சம் விபூதியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்ச்சா பளபளப்பு திரும்பும். பூஜைப் பொட்டலம் பையில் இருந்தா அங்கேயே வேலை முடிஞ்சுடும்.

63. அவசர எண்கள் ரெண்டை எல்லார் போனிலும் பதிஞ்சு வைங்க: பொது அவசரத்துக்கு 112, கிரீஸ் கடலோரக் காவலுக்கு 108. நம்ம ஊரில் 108 ஆம்புலன்ஸ். அங்கே அது கடலுக்கானதுன்னு பெரியவங்களுக்கும் சொல்லிடுங்க.

64. காற்றால் படகு நின்னே போச்சுன்னாலும் அந்திப் பொழுதை வீணாக்காதீங்க. தீவின் தென்மேற்கு முனையில் 1892-ல் கட்டின அக்ரோதிரி கலங்கரை விளக்கம் இருக்கு. பாறையில் உட்கார்ந்து காசில்லாமப் பார்க்கலாம். ஜாக்கெட்டும் முறுக்குப் பொட்டலமும் அங்கேயும் உதவும்.

இத்தனையும் ஞாபகம் வெச்சுக்க முடியலைன்னா, பணம் கட்டும் முன்னாடி மூணே கேள்வியை மட்டும் கேட்டுடுங்க: காற்று தடுத்தா பணம் திரும்புமா, விலையில் எதெல்லாம் அடக்கம், எங்களோட வேற யார் வருவாங்க? இந்த மூணுக்கும் தெளிவா, எழுத்தில் பதில் தர்ற படகையே எடுங்க. நீங்க போயிட்டு வந்து கண்டுபிடிச்ச குறிப்புகளை அடுத்துக் கிளம்பப் போற குடும்பத்துக்கும் மறக்காம சொல்லுங்க, தோழிகளே!